கூப்பிட்டால் ஓடி வருகிற ஆள்

எழுபத்தாறு வயது ஐயாவுக்கும் பத்து வயது தேவிஸ்ரீக்கும் சிநேகம் உண்டானது ஒரு ரம்புத்தான் பழத்தால்தான். பேராக் மாநிலத்து ஜெலாப்பாங்கில் ஒரு அடுக்குமாடியின் கீழே, மோட்டார்சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், ஐயாவு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு ரம்புத்தான் பறந்து வந்து அவருடைய வழுக்கைத் தலையில் பொட்டென்று விழுந்தது. வேறு ஆளாக இருந்தால் நாலு வீட்டுக் கதவைத் தட்டி ஊரைக் கூட்டியிருப்பார். ஐயாவு பழத்தைப் பொறுக்கி, உரித்து வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“நல்லா இனிக்குது! இன்னொன்னு போடுலா!”

மேலே கம்பிகளுக்கு நடுவே இரண்டு கண்கள் முழித்தன. திட்டு வரும் என்று காத்திருந்த பிள்ளைக்குத் திட்டு வராமல் போனால் எவ்வளவு ஏமாற்றம்! அடுத்த பழம் இன்னும் வேகமாக வந்தது. ஐயாவு கைலியின் முன்பக்கத்தை விரித்துப் பிடித்து ஏந்திக்கொண்டார். அன்று சாயங்காலம் மொத்தம் பதினேழு பழம். பதினெட்டாவதாக வந்தது சித்தியின் செருப்பு. அதையும் ஏந்தியவர், “இது புளிக்கும்மா, வேணாம்!” என்று சத்தம் போட்டார். மேலேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. அவள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதமாக யாரும் கேட்டிராத சிரிப்பு அது.

தேவிஸ்ரீயின் அம்மா இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனாள். அப்பா அதற்கும் முன்பே எங்கேயோ போய்விட்டார். தெலுக் இந்தான் பெரியம்மா வீடு, தைப்பிங் மாமா வீடு, மறுபடி பெரியம்மா வீடு என்று பையும் தலையணையுமாக மாறி மாறி, கடைசியில் அவள் சித்தி கவிநயாவிடம் வந்து சேர்ந்திருந்தாள். போன வீட்டில் எல்லாம் எதையாவது தூக்கி எறிந்தாள். தட்டு, தண்ணீர்ப் போத்தல், ஒரு தடவை மாமாவின் கைப்பேசி. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி ‘முரட்டுப் பிள்ளை’ என்று பட்டம் கட்டினார்கள். ஒரு பிள்ளையை இவர்கள் வீடு வீடாகத் தூக்கி எறியலாமாம், அந்தப் பிள்ளை ஒரு தட்டைத் தூக்கி எறியக் கூடாதாம். நல்ல நியாயம்!

ஐயாவு தனிக்கட்டை. ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டினார், தோட்டத்தை விற்ற பிறகு பட்டணத்தில் லோரி ஓட்டினார், கண் மங்கியதும் கீழ்வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பேசப் பிடிக்கும். ஆனால் பக்கத்து வீட்டில் நேப்பாளத்துப் பையன்கள், எதிர்வீட்டில் எப்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்ட ஒரு இளந்தம்பதி. பேச ஆள் கிடைக்காமல் ஒரு நாள் அவர் தபால்காரரைப் பிடித்து நிறுத்தி ஒரு மணி நேரம் பேசியதில், மனிதர் அதற்குப் பிறகு தபாலைத் தூரத்திலிருந்தே வீசிவிட்டுப் போகிறார். அப்படிப்பட்டவருக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கூட்டாளி கிடைத்தால் விடுவாரா? தினமும் ஐந்து மணிக்குக் கைலியை விரித்துக்கொண்டு தயாராக நின்றார். பழம் தீர்ந்ததும் பந்தாகச் சுருட்டிய பழைய காலுறை வந்தது. அவர் அதைத் திருப்பி மேலே எறிவார், அது முதல் மாடியைக்கூட எட்டாது, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று நினைத்திருப்பார்கள்.

சித்தி கவிநயா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். சித்தப்பாவுக்குத் தஞ்சோங் மாலிமில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். இந்த வருடத்தில் மட்டும் பள்ளிக்கூடம் மூன்று தடவை சித்தியைக் கூப்பிட்டுவிட்டது. மூன்று தடவையும் அவள் வேலையைப் பாதியில் விட்டு ஓடினாள். இன்னொரு தடவை ஓடினால் திரும்பி வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். அவள் அதை அப்படியே கொண்டுவந்து பிள்ளையிடம் சொன்னாள். “இன்னொரு தடவை ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா, கோலா கங்சார் பக்கம் ஒரு பிள்ளைங்க இல்லம் இருக்கு. அங்க சேர்க்குறதுக்கு விண்ணப்பப் பாரம் வாங்கி வச்சிருக்கேன்.” சொல்லிவிட்டு அவளே குளியலறையில் போய் அழுதாள். அது தேவிஸ்ரீக்குத் தெரியாது.

அந்த இன்னொரு தடவையும் வந்தது. கணினி அறைக்கு வெளியே வகுப்புப் பிள்ளைகள் கழற்றிவைத்த சப்பாத்துகளை, இருபத்திரண்டு ஜோடியையும், தேவிஸ்ரீ ஒன்றுவிடாமல் கூரைமேல் எறிந்துவிட்டாள். அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பாதுகாவலர் வரவேண்டும் என்று தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார். கடிதம் சித்தியிடம் போகவில்லை. நேராகக் கீழே இறங்கி பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்தது.

“தாத்தா, நாளைக்கு நீங்க என் தாத்தாவா ஸ்கூலுக்கு வரணும்.”

“நான் இப்பவே தாத்தாதானே?”

“இது சும்மா தாத்தா. நாளைக்கு சொந்தத் தாத்தா.”

“சித்திகிட்ட சொல்லிரு பிள்ளை. அதுதான் முறை.”

“சொன்னா என்னை அனுப்பிருவாங்க.” பாரம் இருக்கும் இடம்கூட அவளுக்குத் தெரியும், சாமிப் படத்துக்குப் பின்னால்.

ஐந்து மணிக்கு அண்ணாந்து பார்த்தால் வெறும் கம்பிதான் தெரியும் என்பதை நினைக்கவே ஐயாவுக்குப் பயமாக இருந்தது. செய்யப்போவது தப்பு என்றும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் பாருங்கள், எழுபத்தாறு வருடத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் அவரை ‘உங்க பிள்ளை என்ன செஞ்சுச்சு தெரியுமா’ என்று கூப்பிட்டதில்லை. உள்ளுக்குள் ஒரு குதியாட்டமும் நடந்துகொண்டிருந்தது.

“சரி. வாரேன்.”

தேவிஸ்ரீ பாடம் எடுத்தாள். பேர் சிவபிரகாசம். அப்பாவோட அப்பா. பாட்டி செத்துப் போயாச்சு. முட்டி வலி இருக்கு, ரொம்ப நேரம் உட்கார முடியாது. கடைசியாக, முக்கியமாக, நிறையப் பேசக் கூடாது. ஐயாவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி விஷயத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆட்டினார்.

மறுநாள் விடியும் முன்பே மீசைக்கு மை பூசினார். கண் மங்கல், பாதி மை காதுக்குப் போய்விட்டது. பாத்திக் சட்டை, முகத்தில் அரை டப்பா பவுடர். ஏழு மணிக்கே கிளம்பி, பள்ளிக்கூடத்து எதிர்க்கடையில் மூன்று கிளாஸ் தே தாரிக் டீ குடித்துவிட்டு, மணி பத்து அடித்ததும் பள்ளி கேட்டுக்குப் போனார். காவலாளி அடையாள அட்டையை வாங்கி, பார்க்காமலே மேசை டிராயரில் போட்டுவிட்டு, கழுத்தில் மாட்ட ஒரு பாஸ் கொடுத்தான். டிராயரில் இருந்தது ஐயாவு. உள்ளே போனது சிவபிரகாசம்.

தலைமையாசிரியை விசாலிக்கு ஐம்பது வயது. அவர் நடைபாதையில் வந்தால் ஆசிரியர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். அறையில் தேவிஸ்ரீ ஏற்கெனவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மைபூசிய காதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்து அடக்கினாள்.

“உட்காருங்கய்யா. உங்க பேத்தி என்ன செஞ்சான்னு தெரியுமா?”

ஐயாவு உட்காரவில்லை. இடுப்பில் கையை வைத்தார். “தெரியும் டீச்சர்! எங்க வம்சத்துல யாராச்சும் சப்பாத்தை எறிஞ்சிருக்காங்களா? கிடையாது! இவ பாட்டி கேட்டா மயங்கி விழுந்துருவா! நேத்து ராத்திரி பூரா ஒரு பொட்டுத் தூங்கல அவ!” செத்துப் போன பாட்டியை அவர் எழுப்பி உட்காரவைத்துவிட்டார். தேவிஸ்ரீ மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். “முட்டி வலிக்குது டீச்சர்” என்று உடனே உட்கார்ந்துகொண்டார்.

“ஏன் செஞ்சான்னு கேட்டேன். வாயே திறக்க மாட்டேங்குறா.”

“சிரிச்சாங்க டீச்சர்.” இதைச் சொல்லும்போது மட்டும் ஐயாவுக்கு நடிப்பு வரவில்லை. “இவ சப்பாத்து ரெண்டு சைஸ் பெருசு, யாரோ அக்கா போட்டது. உள்ளே பேப்பர் திணிச்சு வச்சிருக்கா. ஒரு பிள்ளை அதை வெளியே எடுத்து எல்லாருக்கும் காட்டி, செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சுச்சாம். கிளாசே சிரிச்சுச்சாம்.”

விசாலி கண்ணாடியைக் கழற்றினார். “இதை யாரும் எனக்குச் சொல்லல” என்றார். அறை கொஞ்சம் இளகியது. பேசாமல் எழுந்து வந்திருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் தலைமையாசிரியை மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

“எந்தத் தோட்டம்யா நீங்க?”

பேராக்கில் நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேர் கேட்கிறார்களோ இல்லையோ, இதைக் கேட்பார்கள். தோட்டம் செம்பனைக்காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ எப்போதோ மாறியிருக்கும், கேள்வி மட்டும் மாறவில்லை. மூன்றாவது பதிலுக்குள் ஏதாவது ஒரு சொந்தம் அகப்பட்டுவிடும். பட்டணத்தில் பிறந்த தேவிஸ்ரீக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. அதனால் அதற்கு அவள் பதில் சொல்லித்தரவில்லை. ஐயாவிடமோ பன்னிரண்டு வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

“கம்பிப்பாலத் தோட்டம் டீச்சர்!”

தேவிஸ்ரீ காலை மிதித்தாள். பிரயோஜனம் இல்லை.

“அப்படியா! எந்த டிவிசன்?”

“மேல் டிவிசன். கடைசி லயத்து வீடு, ஆத்தோரம்.”

“கித்தா மரத்துல பால் வெட்டுனீங்களா?”

“சேச்சே. லோரி டீச்சர், லோரி! பச்சை லோரி. அந்த வட்டாரத்துல லோரிக்கார ஐயாவுன்னா தெரியாத ஆள்...”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. தேவிஸ்ரீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தலைமையாசிரியை மெதுவாக எழுந்து நின்றார்.

“லோரிக்கார ஐயாவா? கல்யாணத்துக்கு லேட்டா வந்த ஐயாவா?”

“அது வந்து... மழை டீச்சர்.”

“எங்கம்மா பேரு பாப்பா.”

ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன் மாப்பிள்ளைக் கோலத்தில் தன் லோரியைத் தானே ஓட்டிக்கொண்டு பாப்பாவுக்குத் தாலி கட்டப் போனவர் ஐயாவு. வழியில் ஒரு சீனருடைய காய்கறி லோரி சேற்றில் சிக்கிக் கிடந்தது. பாவம் என்று இறங்கி இழுத்துவிட்டார். இழுத்ததில் இவர் லோரி சிக்கியது. சீனர் இவரை இழுத்தார். அதில் அவர் லோரி மறுபடியும் சிக்கியது. மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம். சேறும் சந்தனமுமாக இவர் போய் இறங்கியபோது முகூர்த்தம் தப்பிவிடக் கூடாது என்று பாப்பாவைத் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்து, பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

“தன் கல்யாணச் சாப்பாட்டையே விருந்தாளியா உட்கார்ந்து சாப்பிட்டு, மூணு தடவை பாயாசம் கேட்டு வாங்குன ஆளு நீங்கதானே?”

“ரெண்டு தடவைதான்” என்றார் ஐயாவு ரோஷத்தோடு.

விசாலி சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். வெளியே குமாஸ்தா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள், பதினோரு வருடத்தில் அந்த அறையிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. “நீங்க நேரத்துக்கு வந்திருந்தா நான் பொறந்தே இருக்க மாட்டேன்யா!” என்று கண்ணைத் துடைத்தவர், துடைத்து முடிக்கும்போதே தலைமையாசிரியை ஆகிவிட்டார். “இருங்க. அதுக்கப்புறம் நீங்க கல்யாணமே பண்ணிக்கலன்னு அம்மா சொல்வாங்களே. அப்ப இந்தப் பிள்ளை யாரு?”

ஐயாவு உண்மையை ஒப்புக்கொண்டார். விசாலி தொலைபேசியை எடுத்தார். “மன்னிச்சிருங்க. வெளியாள் ஒருத்தரைப் பொய் சொல்லி உள்ளே கூட்டியாந்திருக்கா. சித்தியைக் கூப்பிடாம விட முடியாது.”

தேவிஸ்ரீயின் கை மேசைமேலிருந்த கண்ணாடிக் கோப்பையைப் போய்ப் பிடித்தது. மாவட்டப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை. ஐயாவு அவள் கையைப் பிடிக்கவில்லை. “அது ரொம்ப கனம்லா. இதை எடு” என்று டிஷ்யூப் பெட்டியைத் தள்ளிவிட்டார். அவள் அதை எடுத்துப் பலம்கொண்ட மட்டும் வீசினாள். தலைமையாசிரியை தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இடது கையால் அதை லபக்கென்று பிடித்துவிட்டார். மூன்று பேருமே ஒரு நிமிடம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு தேவிஸ்ரீ அழுதாள். எறியாமல், ஓடாமல், உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

சித்தி கவிநயா இருபது நிமிடத்தில் வந்தாள், தலையில் தொழிற்சாலை வலைத்தொப்பியோடு. விஷயத்தைக் கேட்டதும் ஐயாவின் பக்கம் திரும்பினாள். “தாத்தா, உங்களுக்கு வயசாகல? பிள்ளையோட சேர்ந்து பொய் சொல்ல வந்தீங்களா? நீங்க யாரு எங்க பிள்ளைக்கு?”

“தப்புதாம்மா” என்றார் ஐயாவு. அவருடைய பவுடர் முகத்தில் கோடுகோடாக வேர்வை இறங்கியிருந்தது.

கவிநயாவுக்கு அதற்குமேல் கோபம் நிற்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். “டீச்சர், எனக்கு இவ வேணாம்னு இல்ல. எங்கக்கா பிள்ளை. எனக்கு வேணும். ஆனா நீங்க கூப்பிட்டா ஓடி வர ஒரு ஆளு இல்ல டீச்சர் எங்க வீட்டுல. இன்னிக்கு வந்ததுக்கே வேலை இருக்கோ இல்லியோ தெரியல. இல்லத்துல விட்டா எந்நேரமும் ஒரு ஆளாச்சும் இருப்பாங்கல்ல?”

தேவிஸ்ரீ தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்த்தாள். ‘எனக்கு வேணும்’ என்ற வார்த்தையை யாரும் அவளைப் பற்றிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

“நான் இன்னிக்கு வந்தேனே” என்றார் ஐயாவு. குரல் சின்னதாக இருந்தது. “பொய் சொன்னது தப்பு. வந்தது தப்பில்லையே. ஸ்கூலுக்குப் பின்னாடி தெருவுலதான் நம்ம வீடு. எனக்கு ஒரு வேலையும் இல்லம்மா. இந்தப் பிள்ளை போயிட்டா அஞ்சு மணிக்கு எனக்கு யாரு இருக்கா, சொல்லு?”

கவிநயா யோசித்தாள். “நல்ல ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும் தாத்தா? பொம்பளைப் பிள்ளை. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சரியான கேள்வி” என்ற விசாலி கைப்பேசியை எடுத்து ஒரு எண்ணைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“அம்மா, லோரிக்கார ஐயாவு இங்க இருக்காரு.”

“யாரு? சேத்து மாப்பிள்ளையா? இன்னும் இருக்கானா!” எழுபத்திரண்டு வயதுக் குரல் கணீரென்று வந்தது. ஐயாவு தன்னை அறியாமல் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நம்பலாமாம்மா? ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பாத்துக்கணும்.”

“மழைன்னா எங்க லயத்துப் பிள்ளைங்க அத்தனையும் அவன் லோரிலதான் ஸ்கூலுக்குப் போவும். ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டதில்ல. ஆளு தங்கம்டி. நேரத்துக்குத்தான் வர மாட்டான்.” கொஞ்சம் நிறுத்தி, “சாப்பிட்டானாமா?” என்றது.

“இன்னும் இல்ல பாப்பா” என்றார் ஐயாவு மெதுவாக.

கவிநயா சிரித்துவிட்டாள். தொப்பியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, சிரிப்பும் அழுகையும் கலந்து கன்னத்தைத் துடைத்தாள். “சரி. ஒரு மாசம் பார்ப்போம். வீட்டுக்குள்ள வேணாம், கீழே எல்லாரும் பார்க்குற இடத்துல இருங்க. ஸ்கூல் கூப்பிட்டா நீங்க ஓடணும். எனக்கு மெசேஜ் வரணும்.”

குமாஸ்தா பிள்ளையின் பதிவுத்தாளைக் கொண்டுவந்தாள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களில் இரண்டாவது பேராக ஐயாவை எழுதி, உறவு என்ன என்று கேட்டாள். தாத்தா என்றே போடுங்கள் என்றாள் கவிநயா.

“வேணாம்” என்றாள் தேவிஸ்ரீ. “கூட்டாளின்னு போடுங்க. சொந்தக்காரங்க எல்லாம் போயிருவாங்க.”

குமாஸ்தா கூட்டாளி என்றே எழுதினாள்.

மத்தியானம் ஏணி கொண்டுவந்தார்கள். ஐயாவு ஏறுவேன் என்று அடம்பிடித்தார், விடவில்லை. காவலாளி ஏறினான். ஒவ்வொரு சப்பாத்தாகக் கீழே வர வர தேவிஸ்ரீ ஓடி ஓடிப் பிடித்தாள். நாற்பத்து நான்கில் மூன்றைத்தான் தவறவிட்டாள். பேப்பர் வாசித்த பிள்ளையின் சப்பாத்தைக் கடைசியாகத் துடைத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பிள்ளையும் கேட்டது, தலைமையாசிரியை பக்கத்திலேயே நின்றதால் சத்தமாகவே கேட்டது. கவிநயாவின் வேலையும் போகவில்லை. சூப்பர்வைசர் கத்தினான், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஐயாவின் கைப்பேசி அடித்தது. பள்ளிக்கூடத்து எண். அப்போதுதான் அவர் முகச்சவரத்துக்கு நுரை பூசியிருந்தார். எடுத்துக் கேட்கக்கூட நிற்கவில்லை. ஒரு கன்னத்தில் நுரை, கைலி முட்டிக்கு மேலே, ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் நேப்பாளத்துப் பையனுடைய செருப்பு. ரவுண்டபவுட்டில் ஒரு பேருந்தையே கைகாட்டி நிறுத்தி ரோட்டைக் கடந்தார். கேட்டில் காவலாளி வாயைத் திறப்பதற்குள் அடையாள அட்டையை அவன்மேல் வீசிவிட்டு உள்ளே ஓடினார்.

“என்ன ஆச்சு? எதை எறிஞ்சா?”

அலுவலகத்து வாசலில் பெஞ்சில் தேவிஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். எதையும் எறியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வயிறு வலின்னு சொன்னா” என்றார் விசாலி, உள்ளேயிருந்து, தலை நிமிராமல்.

ஐயாவு மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முன்னால் குனிந்தார். “ரொம்ப வலிக்குதா பிள்ளை? கிளினிக் போலாமா?”

அவள் அவருடைய நுரைக் கன்னத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஆறு நிமிஷம்” என்றாள். “வருவீங்களான்னு பார்த்தேன்.”

திட்டவேண்டும் என்றுதான் ஐயாவு நினைத்தார். ஆனால் பெஞ்சில் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, கைலியால் முகத்தைத் துடைத்தார். நுரையைத்தான் துடைக்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

“இப்ப வலி எப்படி இருக்கு?”

“போயிருச்சு.”

“அப்ப கிளாசுக்குப் போ.”

அவள் எழுந்து, பேப்பர் திணித்த சப்பாத்து டக்கு டக்கென்று அடிக்க ஓடினாள். நடைபாதை திரும்பும் இடத்தில் நின்று, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“தாத்தா! நாளைக்கும் வலிக்கும்னு நெனைக்கிறேன்!”

“நாளைக்கு எனக்கு பிரஷர் கிளினிக்லா!” என்று ஐயாவும் அதே சத்தத்தில் கத்தினார். “நாளன்னிக்கு வலிக்கட்டும், வாரேன்!”